சுவிஸ் ரயிலும் பெனடிக்ட் வைபெலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த எஸ்.பி.பி.யைப் பற்றிய பக்கம் இது?

பாடகரைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இங்கே எஸ்.பி.பி. என்பது சுவிட்சர்லாந்தின் மத்திய அரசு ரயில்வே. அதன் ஜெர்மன் பெயரின் முதலெழுத்துகள். பிரெஞ்சு பேசும் பகுதியில் அதே நிறுவனத்துக்கு சி.எஃப்.எஃப்., இத்தாலிய மொழியில் எஃப்.எஃப்.எஸ். பெட்டிகளின் பக்கவாட்டில் மூன்றையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் இனி சுவிஸ் ரயில்வே என்றே சொல்கிறோம். 1993 முதல் 2006 முடிய அதன் தலைமையில் இருந்தவர் பெனடிக்ட் வைபெல். சுவிஸில் வாழும் நம்மவர்கள் தினமும் ஏறி இறங்கும் கால அட்டவணையின் அடிப்படை அவர் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

அவர் இன்ஜினியரா?

இல்லை. 1946-இல் பிறந்தவர். பெர்ன் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். கூடவே உரிமம் பெற்ற மலையேற்ற வழிகாட்டி. ஆல்ப்ஸில் அது பொழுதுபோக்குப் பட்டம் இல்லை: கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் உயிருக்குப் பொறுப்பேற்கும் தொழில். பல ஆண்டு பயிற்சியும் தேர்வும் உண்டு.

1978-இல் ரயில்வேயில் சேர்ந்தார். வெளியிலிருந்து நேராகத் தலைவர் நாற்காலிக்கு வந்தவர் இல்லை. பதினைந்து ஆண்டுகள் உள்ளேயே படிப்படியாக ஏறினார். அவருக்குப் பின் வந்த ஆந்திரயாஸ் மேயர் ஜெர்மன் ரயில்வேயிலிருந்து வந்தவர். இரண்டு வழிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. கால அட்டவணையையே உயிராகக் கொண்ட ஒரு நிறுவனத்தில், உள்ளிருந்து வந்தவருக்கு ஒரு வசதி இருந்தது என்பது எங்கள் கருத்து. எந்தத் துறையை எந்த நேரத்தில் அவசரப்படுத்தக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தலைவரை யார் நியமிக்கிறார்கள்?

1998 வரை ரயில்வே அரசின் ஓர் இலாகா. மூவர் கொண்ட தலைமை இயக்குநர் குழு. அவர்களை நியமித்தது ஃபெடரல் கவுன்சில், அதாவது சுவிஸ் அமைச்சரவை. 1993-இல் வைபெல் ஏற்றது அந்தக் குழுவின் தலைமைப் பதவி.

1999 ஜனவரி 1 அன்று ரயில்வே தனிச் சட்டத்தின் கீழ் ஒரு பங்கு நிறுவனமானது. பங்குகள் அத்தனையும் மத்திய அரசின் கையில்தான். ஆனால் அன்றிலிருந்து அரசு இயக்குநர் குழுவை நியமிக்கிறது, அந்தக் குழு தலைமை அதிகாரியைத் தேர்ந்தெடுக்கிறது. அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுகிறார்கள்: இவ்வளவு பணம் தருவோம், இந்த அளவுக்குத் தண்டவாளத்தைப் பராமரித்து இந்தச் சேவையைத் தர வேண்டும் என்று. பயணிகள், சரக்கு, உள்கட்டமைப்பு எனத் தனித்தனிப் பிரிவுகளும் கணக்குகளும் வந்தன.

நடைமுறையில் என்ன மாறியது? முன்பு ஆண்டு நஷ்டம் அப்படியே அரசு வரவு செலவுத் திட்டத்தில் கரைந்துவிடும். அதற்குப் பின் எந்தப் பிரிவில் ஓட்டை என்று பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. சரக்குப் பிரிவின் சங்கடம் வெளிச்சத்துக்கு வந்ததும் இதனால்தான்; அதைக் கீழே பார்க்கலாம்.

‘ரயில் 2000’ அவருடைய திட்டமா?

இல்லை. பலரும் தப்பாகச் சொல்லும் விஷயம் இது. மணிக்கொரு ரயில் என்ற சீர் இடைவெளி அட்டவணை 1982 மே 23 அன்றே நாடு முழுக்க வந்துவிட்டது. அதற்கான யோசனை இன்னும் பழையது. 1960-களின் இறுதியில் சாமுவேல் ஷ்டேலி, ஹான்ஸ் மைனர், ழான்-பியர் பெர்துசோஸ் என்ற மூன்று இளம் ரயில்வே அலுவலர்கள் வேலை நேரத்துக்கு அப்பால் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அவர்களுடைய கூட்டத்துக்கு ‘கிறுக்கர் கிளப்’ என்று பெயர்.

அடுத்த படி ‘ரயில் 2000’, ஊருக்கு ஊர் ஓட்ட நேரத்தைச் சரிசெய்து ரயில்களை ஒன்றோடொன்று பொருத்தும் திட்டம். அது 1987 டிசம்பர் 6 அன்று மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 57 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது. வைபெல் தலைமைக்கு வந்தது அதற்கு ஆறு ஆண்டு கழித்து. பிறர் போட்ட கணக்கை, ஒதுக்கிய பணத்துக்குள், சொன்ன நாளில் ஓட வைத்தார். புதிய திட்டம் அறிவிப்பதைவிட இது கடினம். அறிவித்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். முடித்தவரைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

‘முனை’ என்கிறார்களே, அந்தக் கணக்கைப் புரியும்படி சொல்ல முடியுமா?

சூரிச், பெர்ன், பாசெல் என்ற மூன்று ஊர்களை ஒரு முக்கோணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் எல்லாத் திசை ரயில்களும் முழு மணிக்குச் சில நிமிடம் முன்பாக வந்து சேர வேண்டும். முழு மணிக்குச் சில நிமிடம் பின்பாகக் கிளம்ப வேண்டும். நடுவில் உள்ள அந்த ஐந்தாறு நிமிடத்தில் எந்த ரயிலிலிருந்தும் எந்த ரயிலுக்கும் மாறலாம். அந்த ஊர்தான் முனை.

இது நடக்க ஒரு நிபந்தனை. இரண்டு முனைகளுக்கு இடையிலான ஓட்ட நேரம் 60 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். சூரிச்சிலிருந்து 8:02-க்குக் கிளம்பிய ரயில் 56 நிமிடம் ஓடினால் 8:58-க்கு பெர்ன் வந்துவிடும். அங்கிருந்து இன்டர்லாக்கன் ஊருக்குப் போகும் ரயில் 9:04-க்குக் கிளம்பும். வேலை முடிந்தது.

அதே ரயில் 63 நிமிடம் எடுத்தால்? 9:05-க்கு வரும். இன்டர்லாக்கன் ரயிலின் வால் விளக்கைத்தான் பார்க்கலாம். ஏழு நிமிடம் அதிகமாக ஓடியதற்கு அரை மணியோ ஒரு மணியோ காத்திருக்க வேண்டும்.

சரி, கோடிகளைக் கொட்டி 45 நிமிடத்தில் ஓட்டினால்? ரயில் 8:47-க்கே வந்து நிற்கும். பெர்னோடு பயணம் முடிகிறவருக்கு லாபம்தான். மாறிப் போகிறவர் நடைமேடையில் கூடுதலாகப் பதினோரு நிமிடம் காத்திருப்பார். அதனால்தான் சுவிஸ்காரர்கள் பிரான்சைப் போல மணிக்கு 300 கி.மீ. பாதைக்குப் போகவில்லை. தேவையான அளவு வேகம் போதும், முடிந்த அளவு வேகம் வேண்டாம் என்பதே அவர்கள் கொள்கை.

ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் ஊரில் கிளம்பி, முக்கோணத்தைச் சுற்றி, அதே ஊருக்குத் திரும்ப ஆகும் மொத்த நேரம், ஓட்டமும் நிற்பதும் சேர்த்து, ரயில் இடைவெளியின் முழு மடங்காக வர வேண்டும். மூன்று பக்கத்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் முக்கோணம் உடைந்துவிடும். 2004-க்கு முன் சூரிச்–பெர்ன் பக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. மொத்தத் திட்டமும் அந்தச் சில நிமிடங்களைச் செதுக்கி எடுக்கத்தான்.

அந்த நிமிடங்களை எங்கிருந்து எடுத்தார்கள்?

பெரும்பகுதி மாட்ஷ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் புதிய இருவழிப் பாதையிலிருந்து: 45 கி.மீ. நீளம், மணிக்கு 200 கி.மீ. வேகத்துக்குக் கட்டியது. பெர்னிலிருந்து, சூரிச் பாதையும் பாசெல் பாதையும் பிரியும் ஓல்டன் பக்கம் போகும் ரயில்கள் எல்லாம் இதில் போவதால் சூரிச் பக்கமும் பாசெல் பக்கமும் ஒரே பாதையால் சரியாயின. ஜூரா மலையடிவாரப் பாதையில் புதிதாகத் தண்டவாளம் போடவில்லை. வளைவில் உடலைச் சாய்த்துக்கொண்டு ஓடும் ஐ.சி.என். ரயில்களை வாங்கினார்கள், மொத்தம் 44. பாதை பழையது, வண்டி புதியது.

செலவு ஏன் குறைந்தது? இப்படி எங்காவது நடக்குமா?

அபூர்வம்தான். 1987-இல் மக்களிடம் சொன்ன தொகை 5.4 பில்லியன் பிராங்க். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மறுபடி கணக்குப் பார்த்தபோது அது இரு மடங்கையும் தாண்டிப் போயிருந்தது. சுரங்கம் வேண்டும், ஒலித் தடுப்புச் சுவர் வேண்டும் என்று ஒவ்வொரு ஊரும் கேட்டதும், விலைவாசி ஏறியதும் காரணம்.

அப்போது செய்த வேலைதான் கவனிக்க வேண்டியது. முதல் திட்டத்தில் நான்கு புதிய பாதைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இது இல்லாவிட்டால் எந்த முனை உடையும் என்று கேட்டார்கள். முனை உடையாது என்றால் பாதை தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் முழுதாகக் கட்டியது ஒன்றே ஒன்று, மாட்ஷ்டெட்டன்–ரோத்ரிஸ்ட். கூட்டத்துக்கு இடம் போதாத வழியில் புதுப் பாதைக்குப் பதில் இரண்டு அடுக்குப் பெட்டிகள் வந்தன. மிச்சம் எல்லாம் சின்ன வேலைகள்: ஓரிடத்தில் மூன்றாவது தண்டவாளம், இன்னோரிடத்தில் குறுக்கே வெட்டாமல் மேலே தாண்டும் பாலம், நடைமேடையை நீட்டுவது, சிக்னல் இடைவெளியைக் குறைப்பது. இப்படிச் சுமார் 130 பணிகள்.

இந்த முதல் கட்டத்துக்கு 7.4 பில்லியன் ஒதுக்கினார்கள், 5.9 பில்லியனில் முடிந்தது. ஒழுங்கின் ரகசியம் எளிது. ‘முதலில் அட்டவணை, பிறகு ரயில், கடைசியில் தண்டவாளம்.’ பல நாடுகளில் தலைகீழாகச் செய்கிறார்கள். பாதையைத் திறந்து வைத்துவிட்டு, இதில் என்ன ஓட்டலாம் என்று யோசிப்பார்கள்.

திறப்பு நாளில் 200 கி.மீ. வேகம் ஓடியதா?

ஓடவில்லை. சுவிஸில் 160-க்கு மேல் போனால் பாதையோர சிக்னலை ஓட்டுநர் நம்ப முடியாது; வேக அனுமதி ஓட்டுநர் அறைத் திரையில் ரேடியோ வழியாக வர வேண்டும். அந்த முறைக்கு இ.டி.சி.எஸ். இரண்டாம் நிலை என்று பெயர். சோஃபிங்கன்–செம்பாக் பாதையில் அதை முன்கூட்டியே தினசரி ரயில்களில் சோதித்தார்கள். அப்போதே புரிந்துவிட்டது, மென்பொருள் திறப்பு நாளுக்குள் பழுக்காது என்று.

அதனால் புதிய பாதையில் வழக்கமான பாதையோர சிக்னல்களையும் நட்டார்கள். இரட்டைச் செலவு என்று சிலர் திட்டினார்கள். ஆனால் 2004 டிசம்பரில் 160 வேகத்திலேயே பாதை திறந்தது, சூரிச்–பெர்ன் ஒரு மணி நேரத்துக்குள் வந்தது, முனை உடையவில்லை. 200 வேகம் 2007 டிசம்பரில்தான். ஒரே ஒரு தொழில்நுட்பத்தின் மேல் முழு நாட்டின் அட்டவணையையும் கட்டித் தொங்கவிடாமல் இருந்ததுதான் வைபெல் கால நிர்வாகம் செய்த நல்ல முடிவுகளில் முதலாவது என்போம்.

2004 டிசம்பர் 12 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஒரே இரவில் நாட்டின் சுமார் 90 சதவீத ரயில்களின் நேரம் மாறியது. பகுதி பகுதியாக மாற்ற முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. முனையில் ஒரு ரயிலின் நேரத்தை மாற்றினால் அதற்கு இணைப்பு கொடுக்கும் கிளை ரயில் மாறும், அந்தக் கிளை ரயிலுக்காகக் காத்திருக்கும் மலைக்கிராம மஞ்சள் பஸ் மாறும். சனி இரவு பழைய அட்டவணை முடிந்து, ஞாயிறு அதிகாலை புதியது தொடங்க வேண்டும். ஞாயிறு என்பதால் அலுவலகக் கூட்டம் இல்லை. தப்பு தெரிந்தால் திங்கட்கிழமைக்குள் திருத்த ஒரு நாள் கிடைக்கும்.

சிரமப்பட்டவர்களும் உண்டு. பெரிய முனைகளுக்கு இடையில் இருந்த சில சிறு ஊர்களுக்கு நேரடி ரயில் போய், மாறி ஏறும் நிலை வந்தது. முனை முறையின் விலை அது. மையத்தில் எல்லாருக்கும் வசதி. ஓரத்தில் சிலருக்கு ஒரு மாற்றம் கூடுதல்.

2005 ஜூன் 22 அன்று நாடு முழுவதும் ரயில் நின்றது எப்படி?

வைபெலின் பதவிக் காலத்தில் விழுந்த மோசமான அடி இதுதான். மாலை நெரிசல் நேரம், சுமார் 1,500 ரயில்களும் 2 லட்சம் பயணிகளும் அப்படியே நின்றார்கள்.

பின்னணி இது. சுவிஸ் ரயில் ஓடுவது 15 கிலோவோல்ட், 16.7 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே ரயில்வேக்குத் தனி மின்நிலையங்களும் தனி உயர் அழுத்தக் கம்பிகளும் உண்டு. பொது மின்கட்டமைப்பிலிருந்து வாங்க வேண்டுமானால் மாற்றிகள் வழியாகத்தான், அதுவும் அளவோடுதான். ரயில்வேயின் நீர்மின் நிலையங்களில் முக்கியமானவை தெற்கே கொட்டார்ட் மலைப் பக்கம். ரயில்கள் அதிகம் ஓடுவது வடக்குச் சமவெளியில்.

அன்று கட்டுமான வேலைக்காக ஊரி மாநிலத்தின் அம்ஷ்டெக்கிலிருந்து வடக்கே போகும் கம்பித் தடங்களில் இரண்டை நிறுத்தியிருந்தார்கள். எல்லாச் சுமையும் மிஞ்சிய ஒரு தடத்தின் மேல். அது தாங்கும் என்று திட்டமிட்டவர்கள் நினைத்த அளவு ஒன்று. பாதுகாப்புக் கருவியில் வைத்திருந்த வரம்பு அதைவிடக் குறைவு. மாலை 5 மணி தாண்டியதும் சுமை வரம்பைத் தொட்டது, தடம் தானாகத் துண்டித்துக்கொண்டது.

அப்புறம் சங்கிலி போல. தெற்கில் மின்சாரம் மிஞ்சிப்போய் மின்நிலையங்கள் நின்றன. தெற்கு மாநிலமான டிசினோவிலும் கொட்டார்ட் பாதையிலும் ரயில்கள் முதலில் நின்றன. வடக்கில் பற்றாக்குறை. அதை ஈடுகட்ட ஜெர்மன் ரயில்வேயின் இணைப்பிலிருந்து இழுத்தார்கள். அதிக இழுப்பில் அதுவும் துண்டித்துக்கொண்டது. 5:45 மணி சுமாருக்கு மிச்சமிருந்த நாடும் இருண்டது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் எச்சரிக்கைச் செய்திகள் வெள்ளமாக வந்து, எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாமல் போனது. மின்சாரம் முழுதாகத் திரும்ப இரவாகிவிட்டது.

பாடம் மின்துறையில் எல்லாரும் படிப்பதுதான்: எந்த ஒரு கம்பி போனாலும் மிச்சம் தாங்க வேண்டும். பராமரிப்புக்கு இரண்டை நிறுத்தினால் மூன்றாவதுக்குத் துணை இல்லை. அந்த நிலையில் மாலை நெரிசலைத் தாண்ட விட்டிருக்கக் கூடாது.

சரக்குப் பிரிவில் என்ன ஆயிற்று?

இங்கே பாராட்ட அதிகம் இல்லை. இத்தாலிய அரசு ரயில்வேயுடன் சரக்குப் பிரிவை ஒன்றாக்கும் முயற்சி கைகூடவில்லை. பிறகு சுவிஸ் சரக்குப் பிரிவு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் தானே ரயில் ஓட்டப் போனது. வடக்கிலிருந்து தெற்கே மலை தாண்டும் சரக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. சரக்கு ஏறியது, வருமானம் ஏறவில்லை. போட்டியில் கட்டணம் சரிந்துகொண்டே போனது.

உள்நாட்டிலோ ஒற்றை வேகன்களைத் தொழிற்சாலை வாசல் வரை கொண்டுபோய்விடும் சேவை. ஒரு வேகனை எடுக்க ஓர் இன்ஜின், ஓர் ஓட்டுநர், இரண்டு தடவை பிரித்துச் சேர்க்கும் வேலை, கைக்காசுதான் செலவு. சேவை தரும் இடங்களின் எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைத்தார்கள், வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். வைபெல் போன பிறகும் நெருக்கடி ஓயவில்லை. 2008-இல் பெல்லின்சோனா பணிமனைத் தொழிலாளர்கள் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தது மேயர் காலத்தில்.

பதவியை விட்ட பின்?

2006 இறுதியில் விலகினார். 2008 ஐரோப்பிய கால்பந்துப் போட்டியை சுவிஸும் ஆஸ்திரியாவும் சேர்ந்து நடத்தியபோது ஃபெடரல் கவுன்சிலின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்தார். அடுத்து ஆஸ்திரியாவில் வெஸ்ட்பான் என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அது 2011 டிசம்பரில் வியன்னா–சால்ஸ்பர்க் இடையே அரசு ரயிலுக்குப் போட்டியாக ஓடத் தொடங்கியது. வாழ்நாள் முழுக்க அரசு ரயிலில் இருந்தவர் இன்னொரு நாட்டு அரசு ரயிலோடு மோதியதைச் சிலர் கேலி செய்தார்கள். அந்த ரயில்களும் சுவிஸ் தயாரிப்பு, ஷ்டாட்லர் கம்பெனியின் இரட்டை அடுக்கு வண்டிகள்.

சுவிஸ் ரயில்வேயில் மேயருக்குப் பின் 2020 ஏப்ரலில் வின்சென்ட் டுக்ரோ வந்தார்.

முனையை நேரில் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

பெர்ன் நிலையம். காலை 8:50-க்குள் நடைமேடைக்குப் போய்விடுங்கள். முதலில் வெறிச்சென்று இருக்கும். 8:54-லிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் வந்து நிற்கும். கதவு திறந்ததும் கூட்டம் சுரங்க நடைபாதையில் இரண்டு பக்கமும் ஓடும். 9:00-க்கு எதிரெதிர் தண்டவாளங்கள் நிரம்பியிருக்கும். 9:10-க்கு மறுபடி காலி.

காத்திருக்கும்போது மேலே தொங்கும் கடிகாரத்தைப் பாருங்கள். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944-இல் வடிவமைத்தது. நுனியில் வட்டத் தட்டு வைத்த சிவப்பு விநாடி முள் 58.5 விநாடியிலேயே சுற்றை முடித்துவிட்டு உச்சியில் நின்றுவிடும். மையக் கடிகாரத்திலிருந்து நிமிட சமிக்ஞை வந்ததும் பெரிய முள் ஒரு கட்டம் தாவும், சிவப்பு முள் அடுத்த சுற்றுக்குக் கிளம்பும்.